பந்தி மாமாவின் ஓரக்கண்

பந்தி மாமா நின்று விசாரித்த பந்தியில் அரைவயிற்றோடு எழுந்த மனிதர் திண்டுக்கல் ஜில்லாவிலேயே கிடையாது. இதை எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன். ஒரே ஒருவர் தவிர. அவர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பிழைப்புக்கு மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆனால் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு அடுத்தபடியாக அவரைத்தான் பேசி வைப்பார்கள். இரண்டு வரிசை இலைகளுக்கும் நடுவே, ஒரு முனையில் நிற்பார். பார்வை எதிர்ச்சுவர்க் கடிகாரத்தை விட்டு நகராது. வாய் மட்டும், "வலப்பக்கம் பச்சைச் சட்டைக்கு ரசம்! எடது கடைசிப் பாப்பாவுக்கு அப்பளம்!" என்று ஓடிக்கொண்டே இருக்கும். மோர் கேட்கலாமா என்று நாம் யோசிப்பதற்குள் மோர் வந்துவிடும்.

ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"சாப்பிடுறவன் இலைய உத்துப் பாக்கக் கூடாது மாப்ள. கூச்சப்பட்டு அம்புட்டோட எந்திரிச்சிருவான்" என்றார்.

போன வருஷம் வடமதுரையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் இடப்பக்கம் உட்கார்ந்து, காலி இலையை வெகுநேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, விருட்டென்று எழுந்து போய்விட்டார். பெண் வீட்டார் வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டதாக மண்டபமே இரண்டுபட்டது. மாமாவோ, "அவரு இலையில சோறு இருந்துச்சு. நான் பாத்தேன்" என்று ஒரே பிடியாக நின்றார். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவரைக் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஓர் இருட்டறை. ஒரு கண்ணை மூடிக் கட்டி, பெரிய கிண்ணம் போலிருந்த இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கேயாவது வெளிச்சம் மினுக்கினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பரிசோதனையாம்.

"இது நான் காலம்பூரா பாக்குற வேலைதான!" என்று மாமா குஷியாகிவிட்டார். அமுக்கினார் பாருங்கள், அப்படி ஓர் அமுக்கு. பரிசோதனை செய்த பெண் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஐயா, வெளிச்சமே வரலையே, எதுக்கு அமுக்குனீங்க?"

"வரும்னு தெரியும் தாயி. இலை காலியானப்பறம் பாத்தா அது என்ன விசாரிப்பு?"

இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது என்று இயந்திரமே சொல்லிவிட்டது. மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாக, தெரிந்தால் மட்டும் அமுக்கினார். இந்த முறை பொத்தான் சத்தம் வெகுநேரம் கேட்கவே இல்லை.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். இரண்டு கண்ணின் படத்திலும் இடப்பக்கம் கருத்திருந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

"எனக்குக் கருப்பா ஒண்ணும் தெரியலையேம்மா?"

"தெரியாதுங்கய்யா. பார்வை போன எடத்த, பக்கத்துல இருக்குறத வச்சு மூளையே நிரப்பிக்கும்."

மாமா படத்தின் கருத்த பக்கத்தை விரலால் தடவினார். பிறகு, "அப்ப, அந்த மனுசனோட காலி இலையில நானே சோத்த வச்சுப் பாத்திருக்கேன்" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

அத்தோடு பந்திக்கு நிற்பதை விட்டுவிட்டார். என் மகள் கல்யாணத்துக்கும் மாட்டேன் என்றார்.

"எடப்பக்கம் ஒருத்தன் பசியோட எந்திரிச்சாலும் எனக்குத் தெரியாது மாப்ள. அந்தப் பாவம் வேணாம்."

"அந்தப் பக்கம் நான் நிக்கிறேன், வாங்க மாமா" என்றேன்.

நின்றேன். பெண்ணின் அப்பாவை மேடையில் காணோம் என்று என் மனைவி ஆள்விட்டுத் தேடினாள். மாமாவோ கடிகாரத்தைப் பார்த்தபடியே என்னை வறுத்தெடுத்தார். "இம்புட்டு நேரமா ஒன் பக்கம் ஒருத்தருக்கும் கூட்டு, பொரியல்னு எந்த வெஞ்சனமும் தேவைப்படலையா? நீ சரியாப் பாக்கலன்னு அர்த்தம். யோவ், அதுக்காக இலைய உத்துப் பாக்காத!"

அன்றிலிருந்து எந்தக் கல்யாணமானாலும் அவருக்கு இடப்பக்கம் நான்தான். எல்லாரும் போன பிறகு, ஆறிப்போன சாம்பாரோடு நாங்கள் இருவரும் கடைசிப் பந்தியில் உட்காருவோம். அப்போது மட்டும் நான் வலப்பக்கம் மாறிக்கொள்வேன். அவர் பார்வைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் எனக்கு வயிறு நிறைகிறது.