இறங்காத ஐயர் கை

ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவனிடம் நெட்வேர்க் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. கொட்டாஞ்சேனையில் ஓர் இன்டர்நெட் கம்பனியில் அப்போதுதான் சேர்ந்திருந்த என்னிடம் கொடுத்தார்கள்.

வெள்ளவத்தை மண்டபத்தில் அக்காவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத எங்களை ரொறொன்ரோவில் இருந்தபடியே படிக்கவைத்தவர் பெரிய மாமா. அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் செய்ததால் அந்த வருடம் விமானம் ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"தாலி கட்டுறதை மட்டும் நேர காட்டிப்போடு. வேற ஒண்டும் வேண்டாமடா" என்றார் மாமா.

கமராப் படம் ரொறொன்ரோவுக்குப் போக, மண்டபத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு இன்டர்நெட் லைன் எடுத்தேன். ஒன்று அறுந்தால் படம் தானாகவே மற்றதில் ஓடும்படி பெட்டியை அமைத்தேன். (இதை வந்த எல்லாரிடமும் சொன்னேன். மணவறை சோடித்தவரிடமும் சொன்னேன்.)

முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். லண்டனில் எஞ்சினியர்.

"உண்மையா வேலை செய்யுமோ தம்பி?"

"இப்பவே கழட்டிக் காட்டுறன் அண்ணை."

முதல் லைனைக் கழற்றினேன். படம் நிற்கவே இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். பிளக்கைத் திரும்பச் செருகி, படம் பழைய லைனுக்கு வருவதையும் காட்ட நினைத்தேன். வரவில்லை.

"ஏன் திரும்பேல்லை?" என்றார் அவர்.

திரும்பச் செருகிய லைன் உறுதியாக நிற்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்த பிறகுதான் பெட்டி மாறும். அது கையேட்டில் இருந்தது. கையேடு அலுவலகத்தில் இருந்தது. மானம் போகிறதே என்று, இரண்டாவது லைனைத் தொடவே கூடாதென்று பெட்டிக்குக் கட்டளை அடித்தேன். பெட்டி சொல் கேட்டது; படம் முதல் லைனுக்கு வந்தது. ஆனால் நான் அரைகுறையாகச் செருகியிருந்த அந்த லைனின் பிளக், என் முழங்கால் மேசையில் இடித்ததும் கழன்று விழுந்தது. மற்ற லைன் உயிரோடு இருந்தும் பெட்டி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

போன் அடித்தது. மாமா.

"டேய், படம் நிண்டிட்டுது. ஐயர் கையைத் தூக்கினபடி நிக்கிறார்."

"ரெண்டு நிமிசம் மாமா!"

கழன்ற பிளக் என் கண்ணில் படவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டேன். அது விழித்தெழ ஐந்து நிமிடம் எடுத்தது. (ஓம், அதே ஐந்து நிமிடம்தான்.) அதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது.

"மேளம் கேக்குது. கட்டிட்டினமோ?"

"ஓம் மாமா."

பட்டு வேட்டியோடு தொலைக்காட்சிக்கு முன் இருந்த மனுசன், "பரவாயில்லையடா" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுகை வந்தது. கையிலிருந்த போனிலேயே கமரா இருந்தது என்பது எனக்கு அடுத்த நாள்தான் உறைத்தது.

அதன்பிறகு மாமா எப்போது போன் எடுத்தாலும் முதல் கேள்வி, "என்னடா, ஐயர் கையை இறக்கிட்டாரோ?" அக்காவின் மகளும் இப்போது அதையே கேட்கிறாள்.

போன வருடம் என் கல்யாணத்துக்கு மாமா நேரிலேயே வந்து முன்வரிசையில் இருந்தார். ஐயர் கையைத் தூக்கினார், மேளம் முழங்கியது, நான் தாலி கட்டினேன், எல்லாரும் அட்சதை போட்டார்கள். மாமா மட்டும் அட்சதையைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஐயரையே பார்த்தபடி இருந்தார்.

"இறக்கிட்டார்!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டுத்தான் போட்டார்.