கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக் கல்லில் சில திருத்தங்கள்

டன்லீவி கவுண்டி, நெப்ராஸ்கா
வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்பும் பணிவும் மாறாத ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி வெண்டெல் எழுதுவது. இங்கே நான் நலம், சோளம் நலம், இடது முழங்கால் வழக்கம்போல். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் வாடாமல் இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் பாதியில் எழுந்துபோய்க் கிழித்துவிட்டேன். இதைக் கண்டதும் முதல் வேலையாக, எஃப்ரைம் கொள்ளுத்தாத்தாவுக்கு நீ சொல்லிவைத்திருக்கும் புதுக் கல்லறைக் கல் விஷயமாகக் கல்தச்சனுக்குப் போன் செய். "கேப்டன்" என்ற சொல்லை வெட்ட வேண்டாம் என்று சொல். வெட்டியிருந்தால் கையை நிறுத்தச் சொல், ஏனென்றால் திருத்தம் அதோடு முடியவில்லை.

அடுத்த மாதம் நம் கவுண்டிக்கு நூற்றைம்பது வயது. வருடா வருடம் நடக்கும் ஊர்வலத்தில், முதலில் குடியேறிய குடும்பம் முதல் வண்டியில் போகும். குடியேறியோர் சங்கத்தில் இன்றைக்குள் ஆதாரம் காட்ட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கு, நிலப் பத்திரம், ராணுவப் பதிவு, மூன்றும். சங்கத் தலைவி யாரென்று நினைக்கிறாய்? பக்கத்துப் பண்ணை டார்லின் கிரெச்மர். நம் அப்பாவின் பன்றி அவர்கள் பூசணித் தோட்டத்தில் புகுந்த நாளிலிருந்து நாற்பத்தொரு வருடமாக நம்மோடு பேசாதவள். இத்தனை வருடமும் முதல் வண்டியில் கையசைத்துக்கொண்டு போனவளும் அவளே. சாகிற வாரத்தில்கூட அப்பா என் கையைப் பிடித்து, "டேய், நாமதான்டா முதல்ல வந்தோம், நிரூபிச்சுக் காட்டு" என்றாரே, மறந்துவிட்டாயா? என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் மார்ச் மாதத்திலிருந்து ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார முடியாமல் அலைகிறேன்.

கேப்டனின் கொள்ளுப்பேரன் வண்டியில் ஏறும்போது சும்மா ஏறலாமா என்று நீலச் சீருடை ஒன்றும் தைத்துவிட்டேன், பித்தளைப் பொத்தான்களோடு. அதற்குப் பிறகுதான் உள்நாட்டு யுத்தத்தின் ராணுவப் பதிவைத் தேடினேன். இதுதான் என் புத்தி. எஃப்ரைம் பிரிக்ஸ்பி என்று மூன்று பேர் அகப்பட்டார்கள். ஒருவர் கென்டக்கியில் செத்துப்போனவர், செத்த பிறகு நெப்ராஸ்கா வந்திருக்க நியாயமில்லை. இன்னொருவருக்கு வயது பதினொன்று, மேளக்காரப் பையன். மூன்றாமவர் எதிரிப் படை. வெறிபிடித்து வீட்டுக்கு வந்து, கணப்பின் மேல் தொங்கும் அந்த வாளை இறக்கித் துடைத்துப் பார்த்தேன். நாம் சிறுவயதில் தொடப் பயந்த அதே வாள்தான். பிடியில் பொடி எழுத்தில் இருக்கிறது அக்கா, ஏதோ சகோதரர் சங்கத்தின் பெயரும் 1891 என்ற வருடமும். சங்க ஊர்வலத்துக்குத் தூக்கிப் போகிற அலங்கார வாள்! அதில் வெண்ணெய்கூட வெட்ட முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டேன்.

சரி, வீரராக இல்லாவிட்டால் போகிறது, நிலமாவது நம்முடையதாயிற்றே என்று பத்திர ஆபீசுக்கு ஓடினேன். கவுன்டர் பெண் ஏட்டைப் புரட்டிவிட்டு, "எஃப்ரைம்னு யாரும் இல்லையே சார். லவினா காப்னு ஒரு அம்மா இருக்காங்க. யுத்தத்துல செத்துப்போன ஆசா காப்போட விதவை. 1872 ஏப்ரல்" என்றாள். லவினா நம் கொள்ளுப்பாட்டி, அது சரி. ஆனால் நூற்றறுபது ஏக்கரும் அவள் பெயரில்! ஐந்து வருடம் குடியிருந்தால் அரசாங்க நிலம் இனாம்; படைவீரரின் விதவை என்றால், அவர் யுத்தத்தில் இருந்த வருடங்களை நிலத்தில் குடியிருந்த வருடங்களாகக் கழித்துக்கொள்ள அன்றைய சட்டம் விட்டிருக்கிறது. கிழவி விட்டுவிடுவாளா? அப்படியானால் எஃப்ரைம் எங்கே என்று 1880 கணக்கைத் தேடினேன். இருக்கிறார். குடும்பத் தலைவர்: லவினா காப், விதவை. அதற்குக் கீழே, எஃப்ரைம் பிரிக்ஸ்பி, காசு கொடுத்துச் சாப்பிட்டுத் தங்குபவர். அதற்கும் கீழே நான்கு குழந்தைகள், "தங்குபவரின் மகன்", "தங்குபவரின் மகள்" என்று வரிசையாக, கடைக்குட்டிக்கு ஆறு மாதம். தாய் என்று யாரும் இல்லை. எல்லாம் வானத்திலிருந்து குதித்தவை போலிருக்கிறது. 1890 கணக்கு தீயில் போய்விட்டது. 1900-இல் பார்த்தால் மனிதர் இன்னமும் தங்கிக்கொண்டிருக்கிறார்!

காரணம் வாஷிங்டனிலிருந்து தபாலில் வந்தது, நூற்றுப் பன்னிரண்டு பக்கம். விதவை பென்ஷன், மாதம் எட்டு டாலர், மறுமணம் செய்தாலோ, ஓர் ஆணோடு மனைவிபோல் வாழ்ந்தாலோ நின்றுவிடும். அதனால் அவள் கடைசிவரை மறுமணம் செய்யவேயில்லை. 1884-இல் யாரோ புகார் எழுதி, விசாரணை அதிகாரி ஒருவர் வந்து பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆகஸ்ட் கிரெச்மர், டார்லினின் கொள்ளுத்தாத்தா! அவர் வாக்குமூலத்தை அப்படியே எழுதுகிறேன்: "அந்தாளு கொட்டகையிலதான் படுக்கிறாரு. பிள்ளைங்களா? அதுங்க எப்படி வந்துச்சுன்னு என்னைக் கேட்டா? நான் விவசாயிங்க, மருத்துவச்சி இல்லை. எஃப்ரைம் நல்ல மனுஷன்தான், ஆனா வெயில் ஏறினா கண்டதையும் பேத்துவாரு, அவர் சொல்றதை எழுதிக்காதீங்க." எதைப் பேத்தினார் என்று தெரியவில்லை. தொண்ணூறாம் பக்கத்தில் என்னால் தாங்க முடியாமல் எழுந்துவிட்டேன்.

இன்று காலை டார்லின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று சாவியைத் திருகும்போது ஜன்னலைத் தட்டினாள்.

"வா வெண்டெல். நாப்பத்தோரு வருஷம் கழிச்சு வர்றே, கூடப் பன்றி இல்லாம வந்தியே, அதுவே சந்தோஷம்."

முட்டைக்கோசும் இறைச்சியும் உள்ளே வைத்துச் சுட்ட ரன்ஸா ரொட்டி ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுத் தாள்களைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க பெரியவர் பைபிள் மேல கை வெச்சா இப்படிப் புளுகியிருக்கார்? வருஷா வருஷம் அவர் பேரைச் சொல்லித்தான் நான் ஜெபம் பண்றேன்!"

"டார்லின், நான் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கறேன். ஊர் சிரிக்கும்."

"உக்காருடா. நீ எங்க உக்காந்தே, சின்ன வயசுலேருந்து! எங்க ஆளு வந்தது 1874. உங்க லவினா 1872. முதல் வண்டி உங்களுக்குத்தான்."

அப்பா இல்லையே என்று இருந்தது. "என் சீருடை?" என்று மட்டும்தான் கேட்க வந்தது.

"கழட்டி வெச்சுட்டு லவினா மாதிரி ஒரு தொப்பி கட்டிக்கோ. ஆனா ஒண்ணு, சங்கத்து ஏட்டுல உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன். 'கணவர்'னு போட முடியாது."

அவள் சொல்வது நியாயம். ஆகவே கல்லில் "கேப்டன்" வேண்டாம், "வீரர்" வேண்டாம், "லவினாவின் அன்புக் கணவர்" என்பதும் வேண்டாம். ஒருத்தியின் நிலத்தில், ஒருத்தியின் பென்ஷனில், கல்யாணம் என்ற பேச்சே எடுக்காமல் ஆயுசு முழுக்க உட்கார்ந்து தின்ற மனிதருக்குப் பெயர் மட்டும் போதும், அதையும் சின்ன எழுத்தில் போடச் சொல். அவர் பெயரைச் சுமக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். நீ நூறு வயது இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

உன் தம்பி,
வெண்டெல் பிரிக்ஸ்பி

பி.கு.: சனிக்கிழமை. ஒட்டிய கவரைக் கிழித்து எழுதுகிறேன். மேலே சொன்னது எதையும் கல்தச்சனிடம் சொல்லிவிடாதே. நேற்றுத் தாள்களை டார்லினிடமே விட்டுவந்தேன். அவள் பொறுமைசாலி, கடைசிவரை படித்திருக்கிறாள். காலையில் நூற்றுப் பத்தாம் பக்கத்தைக் கையில் கொடுத்தாள். அதுதான் அந்தப் புகார்க் கடிதம்: "கனம் அதிகாரி அவர்களுக்கு, காப் விதவை ஓர் ஆணோடு மனைவியாக வாழ்கிறாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும், அந்த ஆண் நான்தான். பன்னிரண்டு வருடமாகக் கல்யாணம் கேட்கிறேன். அரசாங்கத்தைவிட நீ என்ன தந்துவிடுவாய் என்கிறாள். தயவுசெய்து அந்தப் பென்ஷனை நிறுத்துங்கள். எஃப்ரைம் பிரிக்ஸ்பி." ஓரத்தில் அதிகாரியின் குறிப்பு: புகார்தாரர் வெயிலால் புத்தி தடுமாறியவர் என்று அயலாரும் வீட்டுக்காரி லவினா காப்பும் சத்தியம் செய்கிறார்கள், பென்ஷன் தொடரட்டும். அக்கா, "கேப்டன்" போகட்டும், "வீரர்" போகட்டும். "கணவர்" என்பதைப் பெரிய எழுத்தில் வெட்டச் சொல். டார்லினும் ஏட்டில் அப்படியே எழுதிவிட்டாள்.