குடிபோகாமலே குடியிருந்தவர்

இந்த உலகத்தில் ஒத்திகை பார்க்காமல் ஒரு காரியமும் செய்யாத ஒரே மனிதர் எங்கள் டிரையல் அண்ணாத்ததான். கல்யாணம் மட்டும் விதிவிலக்கு. அதற்கும் கேட்டுப் பார்த்தாராம், பெண் வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை என்று அண்ணி சொல்வார்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் தரப் பரிசோதனைப் பிரிவு, நான் ஸ்டோர்ஸ். புது அச்சு வந்தால் முதலில் கொஞ்சம் உருப்படி அடித்து அளந்து பார்ப்பார்கள். அதற்கு டிரையல் என்று பெயர். அது சரியாக வந்தால்தான் உற்பத்தி. கம்பெனி கேட்டோடு நிற்க வேண்டிய இந்த வழக்கத்தை இவர் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு முன்னால் கடையில் காலி அட்டைப்பெட்டியை மட்டும் கேட்டு வாங்கி வந்து ஒரு வாரம் சமையலறையில் நிறுத்தி வைத்தார். தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணி அந்தப் பெட்டியைத் திறந்து மூட வேண்டும். நாய் வளர்க்கலாமா என்ற யோசனை வந்தபோது வெறும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு காலையில் செங்கல்பட்டுத் தெருக்களில் நடந்தார். கடைசியில் நாய் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. காரணம் கேட்டேன்.

"ரொம்ப இழுக்குது நைனா," என்றார்.

இப்படிப்பட்டவர் வீடு மாற வேண்டி வந்தது. அண்ணிக்குச் சர்க்கரை. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செங்கல்பட்டில் அவர்கள் இருந்த வாடகை வீட்டு வாசலில் இறங்கினால் ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் சாக்கடை, மிச்ச இடத்தில் மாடு. பாவம், அண்ணி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தலை கிறுகிறுத்து அங்கேயே உட்கார்ந்துவிடுவார். போதாக்குறைக்கு வீட்டுக்காரர், மகன் குடும்பத்தோடு வருகிறான், பொங்கலுக்குள் காலி செய்துகொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு புது நகர் கண்ணில் பட்டது. கடை, கிளினிக், மருந்துக்கடை, பூங்கா, பஸ் ஸ்டாப் எல்லாமே நடந்து போகிற தூரம் என்று விளம்பரம். தெருவின் இரண்டு பக்கமும் இலை போட்டுச் சாப்பிடலாம் போல நடைபாதை. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தே இராத ஜனங்கள் அதற்குப் பிளாட்பார நகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே ஒரே ஒரு வீடு விற்பனைக்கு இருந்தது. கீழே ஒரு பகுதி, மாடியில் ஒரு பகுதி. அண்ணாத்தவுக்குக் கட்டுப்படியாகிற விலைதான். வேறு யாராவது என்றால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்திருப்பார்கள். இவர் முதலில் அங்கே குடியிருந்து பார்ப்பது என்று முடிவு செய்தார்.

"வூடு வாங்காம எப்டிணா குடியிருப்பீங்க?" என்றேன்.

"வூட்டுக்குள்ள இன்னா கீது நைனா? தூங்கப் போறோம். மிச்ச பொழப்பெல்லாம் தெருவுலதான. அத மொதல்ல பாத்துடலாம்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். எங்கள் கம்பெனி பஸ் மாமல்லபுரத்தில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வந்து, செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் போகும். இவர் இருட்டோடு எழுந்து செங்கல்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் பிளாட்பார நகருக்குப் போவார். அந்தக் காலி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறுவார். அந்த பஸ் இவரை ஏற்றிக்கொண்டு நேராக இவர் கிளம்பி வந்த வீட்டு வாசலுக்கே வரும். அண்ணி அங்கே சாப்பாட்டு டப்பாவோடு நின்று ஜன்னல் வழியாகக் கொடுப்பார். செங்கல்பட்டில் அவர் வீட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அண்ணி முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

"பஸ்ஸு வசதி நல்லா கீது," என்பார் அண்ணாத்த, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. "வூட்டு வாசல்லயே வருது பாரு."

சாயங்காலமும் இதே கூத்து. பஸ் அவர் வீட்டைத் தாண்டும்போது இறங்க மாட்டார். பிளாட்பார நகரில் இறங்கி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, பேண்ட்டுக்கு மேலேயே லுங்கியைக் கட்டிக்கொள்வார். அந்த பெஞ்ச்தான் ஹால். பிறகு துணிப்பையோடு கடைக்குப் போய்க் கீரை வாங்குவார், தெரு முழுக்க ஒரு நடை நடப்பார், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு திரும்புவார். காரில் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி எந்த வீடு, யாரைப் பார்க்கணும் என்று குடைகிற வாட்ச்மேன், லுங்கியும் கீரைக்கட்டுமாக வருகிற இவருக்கு சல்யூட் அடித்தார். நடக்கச் சொன்னது அண்ணியை, நடந்தது இவர். இவருக்குத் தொப்பை குறைந்தது, அண்ணிக்குச் சர்க்கரை அப்படியே இருந்தது.

மழைக்காலம் வந்தது. வாசலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, குடை பிடித்துக்கொண்டு காலி வீட்டு கேட் முன்னால் நின்றார். எதிர் வீட்டு அம்மா மனசு கேட்காமல் காபி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"ஏன் சார் மழையில நிக்கிறீங்க? சாவி இல்லையா?"

"இல்லம்மா."

"வீட்டுல அவங்க வெளிய போயிருக்காங்களா?"

"ஆமாம்மா. செங்கல்பட்டுல கீறாங்க."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருப்பார் என்று பார்க்கப் போனால், ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஜொரத்துக்குத்தான் காத்துகினு இருந்தேன். ஜொரத்தோட நடந்தா மருந்துக்கடை எவ்ளோ தூரம்னு தெரிய வாணாமா? வண்டிய எடு," என்றார். செங்கல்பட்டில் அவர் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதைத் தாண்டி, நடுங்குகிற மனிதரைப் பின்னால் உட்கார வைத்து அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போய், காலி வீட்டு வாசலிலிருந்து மருந்துக்கடைக்கு நடந்தே போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொங்கல் வந்துகொண்டிருக்கிறது, அண்ணி மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார், உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டேன்.

"அவளுக்கு சுகர் கீதுல்ல. காலுல ஒரு கல்லு குத்துனாகூட ஆறாது," என்றார் பின்னாலிருந்து. "அவ கால் வெக்கற எடத்துல நான் மொதல்ல வெச்சுப் பாக்க வாணாமா?"

வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

அந்த நகரில் ஒரு விசேஷம் உண்டு. எல்லாமே நடக்கிற தூரம் என்று ஆசைப்பட்டு வீடு வாங்கியவர்கள், பால் பாக்கெட் வாங்கக்கூட ஸ்கூட்டரில்தான் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கார் தெரியும், முகம் தெரியாது. அங்கே நடந்த ஒரே ஆள் அங்கே வீடில்லாத எங்கள் அண்ணாத்த. அதனால் எல்லா வீட்டுக்கும் தெரிந்த ஒரே முகம் இவருடையது. எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்பதும் இவருக்குத்தான் தெரியும். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் தேர்ந்தெடுக்கப் பூங்காவில் கூட்டம் போட்டார்கள். இவர் தன்னுடைய ஹாலில் ஏன் இத்தனை கூட்டம் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"அங்க உங்களுக்கு வூடே இல்லியேணா," என்றேன்.

"செயலாளருக்கு வேல தெருவுலதான நைனா," என்றார். முதல் வேலையாக, ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது, அன்று தெரு நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார். வாட்ச்மேன் அதை எமனாக நின்று காத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்தான் குடி கெட்டது. கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த ஒருவர், ஓய்வு பெறுவதால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தவர், மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்குக் கைத்தடி. கேட்டருகே லுங்கியோடு நின்ற இவரைப் பார்த்து, "சார் இங்கதான் இருக்கீங்களா? எங்களுக்கு ஒத்து வருமா?" என்று கேட்டுவிட்டார். கேட்கலாமா அவரிடம். மழைத் தண்ணீர் எங்கே நிற்கும், செங்கல்பட்டு பஸ் எப்போது கூட்டமாக வரும், காய்ச்சலோடு நடந்தால் மருந்துக்கடை எவ்வளவு தூரம் எல்லாம் சொன்னார். அந்த அம்மாவைக் கிளினிக் வரைக்கும் மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய், நடுவில் பெஞ்சில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் அன்றைக்கே அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸில் இதை என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "அவங்களுக்கு அந்த வூடு அளவெடுத்த மாரி கீது நைனா."

"அது நீங்க பாத்த வூடாச்சேணா."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பஸ் அவர் வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. "ஆமால்ல," என்றார்.

அன்று ராத்திரி அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். சண்டை ஒன்றும் இல்லையாம். அடுத்த நாள் அண்ணி வழக்கம்போல டப்பாவை நீட்டினார். மத்தியானம் கேண்டீனில் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. கழுவித் துடைத்த டப்பா. அண்ணாத்த அங்கிருந்தே போன் போட்டார். அண்ணியின் குரல் எனக்கே கேட்டது.

"இது டிரையலுயா. டப்பா கனம் ஒத்து வருதான்னு பாரு. வந்தா நாளைக்கு சோறு போட்றேன்."

பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். செங்கல்பட்டில் தேடினால் மாடி மேல் மாடி, வாசலில் லாரி. இதற்குள் செயலாளருக்கு வீடில்லை என்ற செய்தி எதிர் வீட்டு அம்மா மூலமாகப் பிளாட்பார நகர் முழுக்கப் பரவியது. கீழ்ப் பகுதிக்குக் குடிவந்துவிட்ட கைத்தடி அம்மா அவரைக் கூப்பிட்டு, "மாடி சும்மாதான் இருக்கு, எங்களால ஏற முடியாது. வாடகைக்கு வந்துடுங்க சார்," என்றார். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. மனிதர் என்ன சொன்னார் தெரியுமா. தரைக்குத்தான் டிரையல் முடிந்திருக்கிறது, மாடிப்படிக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், கொஞ்ச நாள் அவகாசம் வேண்டும் என்றார்.

அண்ணி எனக்குப் போன் செய்தார். "தம்பி, ஞாயித்துக்கெழம ஒரு குட்டி யானை புடி. அவரு அங்க நடக்கப் போயிருப்பாரு. வூட்ட காலி பண்ணிடலாம்." குட்டி யானை என்றால் சின்ன லோடு வண்டிதான். அதில் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றினோம். அண்ணி குக்கரை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் மெத்தை மேல். திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் யாருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை விதி ஞாபகம் வரவில்லை.

பிளாட்பார நகர் கேட்டில் வாட்ச்மேன் வண்டியை மறித்துச் செயலாளருக்கு ஆள் அனுப்பினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாத்த வந்தார். நேராக டிரைவரிடம், "இன்னிக்கு வண்டி உள்ள வராது. நாளைக்கு வா," என்றார். பிறகு பின்னால் ஏற்றியிருந்ததை ஒரு பார்வை பார்த்தார்.

"இதே மாரி பீரோ எங்க வூட்லயும் ஒண்ணு கீது."

"அதாயா இது," என்றார் அண்ணி உள்ளே இருந்து.

அண்ணாத்த பீரோவைத் தடவிப் பார்த்தார். "இன்னும் மாடிப்படி பாக்கல," என்றார்.

"பாத்துகினே இரு. நான் போறேன்."

"வண்டி உள்ள வராதும்மா. ரூல்ஸு."

"வண்டி வர வாணாம். நான் வரலாம் இல்ல?"

குக்கரோடு இறங்கி, அண்ணி நடைபாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல் அவர் நடந்து நான் அன்றுதான் பார்த்தேன். எதிர் வீட்டு அம்மா வந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார். அவர் பிள்ளைகள் தலையணைகளை எடுத்தார்கள். வீடு வீடாகக் கதவு திறந்தது. பால் வாங்க ஸ்கூட்டர் எடுக்கிற ஜனம் அத்தனையும் கையில் ஆளுக்கொரு சாமானோடு தெருவில் நடந்தது. பீரோவை நான்கு பேர் சாமி தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனோம். அண்ணாத்த மட்டும் எதையும் தூக்கவில்லை. அண்ணிக்கு இரண்டடி முன்னால் நடந்து, பாதையில் கிடந்த சின்னச் சின்னக் கல்லையெல்லாம் செருப்பால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனார்.

அண்ணி மாடிப்படியில் நிதானமாக ஏறி, மேலே நின்று, "ஒத்து வருதுயா. நீ வா," என்றார். அவர் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினார்.

அண்ணிக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு பேரும் சாயங்காலம் சேர்ந்தே நடக்கிறார்கள். இடம் எப்படிணா, முடிவு பண்ணிட்டீங்களா என்று கேட்டால், இன்னும் ஒரு கோடை பார்க்க வேண்டும் என்கிறார். நானும் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அங்கே போய், அவரோடு நாலு சுற்று நடந்துவிட்டு வருகிறேன். அந்தப் பக்கம் வீடு பார்க்கிறேன் என்று என் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வீடெல்லாம் ஒன்றும் பார்க்கவில்லை. வாரத்தில் ஒருநாள் அந்த மனிதரோடு நடக்காவிட்டால் எனக்கு என்னவோ போல இருக்கிறது.