தெற்கு பார்த்த விளக்கு

வெளிநாட்டுக்காரர்கள் கொண்டாடுவதை நாமும் கொண்டாடலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இதை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால், என் மனைவி உயிரோடு இருக்கும்போதே அவள் படத்துக்கு மாலை விழுந்திருக்காது.

ஸ்டெல்லா அயர்லாந்தில் நர்ஸ். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வேப்பம்பட்டில் வீடு. மூன்றாவது படிக்கும் ஜெனியையும் யூகேஜி ஆல்வினையும் பள்ளிக்கூடம் விட்டதும் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு கௌரி அக்கா. அங்கேயே பயிர் வைத்துப் பிழைத்த பழைய குடும்பம். அக்காவின் பேச்சு ஆல்வினுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. 'இருக்கு' என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை, 'கீது'தான். 'கீறேன்' இல்லடா, 'இருக்கேன்'னு சொல்லு என்று ஸ்டெல்லா வீடியோ காலில் திருத்துவாள். (அயர்லாந்திலிருந்து தமிழ் டியூஷன்.)

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கடைசி நேரத்தில் லீவு இல்லை என்றுவிட்டார்கள், இனி மார்ச்சில்தான். ஜெனி அழுது தீர்த்தாள். ஆல்வின் அழவில்லை, அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். போனை நீட்டினால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். "விடுங்க, தூக்கம் வந்திருக்கும்" என்று அவள் அந்தப் பக்கம் சிரிப்பாள். சாயங்காலம் என்ன தூக்கம் என்று நானும் கேட்க மாட்டேன்.

அவள்தான் ஜெனியிடம் அந்த நீளமான ராத்திரியைப் பற்றிச் சொன்னாள். டிசம்பரில் ஒருநாள் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். கூட வேலை செய்கிறவர்கள் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு ஒரே ஒரு விளக்கை ஏற்றி உட்காருவார்களாம். மறுநாளிலிருந்து ராத்திரி குட்டியாகிக்கொண்டே வரும், அது குட்டியாகக் குட்டியாக அம்மா வந்துவிடுவேன் என்றாள். நாமும் கொண்டாடலாம் என்று ஜெனி பிடித்துக்கொண்டாள். அந்தச் சாக்கில் சின்னவனை அவளோடு பேச வைத்துவிடலாம் என்று எனக்கு நப்பாசை. இங்கே இருட்டியதும் கூப்பிடச் சொல்லியிருந்தேன்.

ஏற்பாடெல்லாம் ஜெனிதான். வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டாரை அணைத்தோம். வீடு முழுக்க விளக்கை அணைத்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவில் கொண்டுவந்து போட்டோம். பனிக்குப் பொருத்தமாக அவள் சர்ச்சில் புதுநன்மை வாங்க எடுத்த வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டாள், தம்பிக்கும் வெள்ளைச் சட்டை. சூரியன் தெற்கே போயிருக்கிறது, திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் திரியும் தெற்கே பார்க்க வேண்டும் என்றாள். கௌரி அக்காவிடம் காலையிலேயே கேட்டு வாங்கிய அகல்விளக்கைத் தெற்கு பார்த்து ஏற்றி வைத்தோம். (எங்கள் வீட்டு மெழுகுவர்த்திக்குத் திசை கிடையாது. இந்துக்கள் வீட்டில் தெற்கு பார்த்த விளக்கு எப்போது எரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

நான் உள்ளே போய், செல்போன் வெளிச்சத்தில் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்குப் போய்த் திரும்பிய கௌரி அக்கா எங்கள் வாசலைப் பார்த்திருக்கிறார். என்னடா இது என்று ஆல்வினிடம் கேட்டிருக்கிறார். அவன், "எங்கம்மா வராது" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

அக்கா அழும் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன், கண்ணும் மூக்கும் ஒழுக.

"இன்னாபா இப்படி ஆயிப்போச்சு. எப்போ சொன்னாங்க?"

"போன வாரம் போன்ல சொன்னாங்கக்கா. நான்தான் மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன்."

"எப்போ கொண்டாருவாங்க?"

"மார்ச் ஆயிடும்க்கா."

"மார்ச்சா? அதுவரைக்கும் ஐஸ்லயா வெச்சிகினு இருப்பாங்க?"

"ஆமாக்கா, அங்க எங்க பாத்தாலும் ஐஸ்தான்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லீவு கிடைக்காததற்கு இப்படி அழுகிறாரே, என்ன பாசம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பொய்யில்லை, பல மாதம் அடக்கி வைத்திருந்தது. தெருவே கூடிவிட்டது. ஒவ்வொருவரும் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கொண்டாட்டத்துக்கு இத்தனை பேரா என்று எனக்கு ஒரே நெகிழ்ச்சி. அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் ஸ்டெல்லாவின் நல்ல போட்டோவாக ஒன்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், உள்ளே ஓடிப்போய் ஹாலில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் அதை நாற்காலியில் சாய்த்து வைத்து, பெரிய ரோஜா மாலையைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு முன்னால் ஆல்வின் அதைப் பார்த்துவிட்டான். எங்கள் வீட்டில் மாலை போட்ட படம் ஒன்றே ஒன்று, என் அப்பாவுடையது. தாத்தா எங்கே என்று கேட்டால் இல்லை என்று நாங்கள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆல்வின் என் மேல் ஏறி அதைப் பிடுங்கினான். திரையில் ஸ்டெல்லாவின் முகம் வந்தது.

"அம்மா, நீ கீறியா?"

அவளுக்கு இங்கே கூட்டம் தெரிந்திருக்கும், மாலையும் தெரிந்திருக்கும். அவள் எதுவும் கேட்கவில்லை, திருத்தவும் இல்லை.

"கீறேன்டா. அம்மா கீறேன்."

அவன் போனைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். லீவு இல்லை என்று தெரிந்த அன்றைக்கு அழ வேண்டிய அழுகை அது. எனக்கும் அடக்க முடியவில்லை, வெங்காயத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. கௌரி அக்கா போனை வாங்கி, உயிரோடு இருப்பதற்காக ஸ்டெல்லாவை ஒரு பாட்டம் திட்டினார். அப்புறம் என்னை. வந்தவர்கள் எல்லோரும் பிரியாணி வேகும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஸ்டெல்லா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் போனில் ஹலோ கிடையாது. "கீறியா?" என்பான் ஆல்வின். "கீறேன்" என்பாள். தெருவில் யாராவது நாலு நாற்காலியை வெளியே போட்டால், எதற்கும் உன் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டுப் பார் என்று இன்றைக்கும் ஏழுமலை அண்ணன் கிண்டல் செய்கிறார்.

வருடத்துக்கு ஒரு மாதம் அவள் வருவாள். அந்த ஒரு மாதம் மட்டும் ஆல்வின் அதைக் கேட்பதில்லை. நான் கேட்பேன், சமையலறை வாசலில் நின்றுகொண்டு. கண்ணெதிரே நிற்கிறேன், அப்புறம் என்ன கேள்வி என்பாள். பரவாயில்லை, சொல்லு என்பேன்.