பல்லெண்ணியும் தேய்ந்த டயரும்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் தேடினாலும், நம்பிக்கை என்ற சரக்கைக் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் பிழைத்த மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர்தான் பல்லெண்ணி. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

பல் வைத்தியர் அல்ல. மேனாம்பேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக். லாரி ஆக்சிலின் நடுவே பானை மாதிரி ஒரு கூடு இருக்கும். அதற்குள் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். பெரியதில் பல் கூடினால் வண்டி மெதுவாகப் போகும், ஆனால் பாரத்தை இழுக்கும். பல் குறைந்தால் பறக்கும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். எந்த வண்டி வந்தாலும் கூட்டைப் பிரித்துப் பல்லை எண்ணாமல் அவர் வாய் திறக்கமாட்டார். எண்ணி முடித்தால் தீர்ப்பு ஒன்றுதான். "விளங்காது."

வண்டிக்காரர்களிடம் அவர் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்.

"இழுக்கணுமா, ஓடணுமா?"

"ரெண்டும்தான் நைனா."

"அப்போ ரெண்டு வண்டி வாங்கு."

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு அடியில், வெள்ளை வேட்டியோடு படுத்துவிட்டார். வெளியே வந்து, மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம், "தம்பி, மண்டபம் வரைக்கும் போவாது. நடந்துடு" என்றார். பெண்வீட்டார் அடிக்க வந்தார்கள். கார் கிளம்பி, தெருமுனையிலேயே படுத்துவிட்டது. மாப்பிள்ளை நடந்தார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் பல்லெண்ணிக்குப் பத்திரிகை வரவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

எண்பதுகளின் கடைசி. நான் டிரைவராக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்ததையெல்லாம் போட்டு, பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்ட ஒரு லாரியை வாங்கினேன். முன் சக்கரம், பின் சக்கரம் நாலும் இழுக்கிற வண்டி. பாரிவாக்கம் பக்கத்து ஏரியில் மண் எடுக்கும் வேலை பேசி வைத்திருந்தேன். வண்டி ஏரியை விட்டு ஏறினால் என் வீட்டில் உலை கொதிக்கும். ஏறாவிட்டால் நாற்பது வயதில் நான் மறுபடி எவனுடைய லாரிக்காவது கிளீனர்.

வீட்டுக்கு இழுத்து வந்த பிறகுதான் தெரிந்தது, பின் ஆக்சிலின் கூடு காலி. கிரவுனும் இல்லை, பினியனும் இல்லை. யாரோ புண்ணியவான் உருவியிருந்தான்.

பல்லெண்ணி வந்து பார்த்தார். துக்க வீட்டில் நிற்பது போல நின்றார்.

"முன்னால ஆறுக்கு முப்பத்தஞ்சு பல்லு. பின்னாலயும் அதே வேணும். மெட்ராஸ்ல கெடைக்காது."

"அப்போ?"

"விளங்காது."

காயலாங்கடை சேகர்தான் உதவினான். பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தான். உதவிவிட்டு, கசாப்புக்காரன் ஆட்டைத் தடவுவது போல என் வண்டியைத் தடவி, "அண்ணாத்தே, இத எப்போ ஒடைக்கலாம்?" என்றான். பிறகு தினமும் சைக்கிளில் வந்து அதையே கேட்டான்.

அவன் கொடுத்ததில் ஆறுக்கு முப்பத்தெட்டு பல். அதாவது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றும். "சேத்துல வழுக்கிகினு போய்டும், தெரியாது. கெட்டித் தரையில முன்னாடியும் பின்னாடியும் மல்லுக்கட்டும். எதுனா ஒண்ணு ஒடையும்" என்றார் பல்லெண்ணி. ஒரு வழிதான் உண்டாம். பின்னால் பெரிய டயர் போட்டால், மெதுவாகச் சுற்றினாலும் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். கணக்கு நேராகிவிடும்.

அம்பத்தூர் டயர் கடைக்குப் போனோம். எனக்குக் கடைக்காரரிடம் நிமிர்ந்து பேச வராது. பல்லெண்ணி இடுப்பிலிருந்து தையற்காரர் டேப்பை உருவி ஒவ்வொரு டயரையும் கட்டிப்பிடித்து அளந்தார். கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார்.

"யோவ், டயர் வாங்க வந்தியா, ஜாக்கெட் தைக்க வந்தியா?"

"இது வேணாம். புச்சா கீது."

"புதுசு வேணாமா?"

"கொஞ்சம் தேஞ்சது வேணும். ரொம்ப தேஞ்சதும் வேணாம். ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்து, "இவருக்கு ஊட்ல யாரும் இல்லியா?" என்றார்.

நாலு கடை ஏறி இறங்கி அந்த ஜோடி கிடைத்தது. மாட்டியதும் வண்டி முன்னால் குனிந்து, பின்னால் தூக்கி, விழுந்து கும்பிடப்போகிற மாதிரி நின்றது. என் மனைவி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் ஏறியது! மற்ற லாரிகள் ஏரிச் சேற்றில் உறுமிக்கொண்டு நிற்க, என் வண்டி மண்ணைச் சுமந்து கரை ஏறியது. ஒரு நாள் மட்டும், சேற்றில் போட்டு ரோட்டில் எடுத்துவிட வேண்டிய முன் சக்கர லிவர் சிக்கிக்கொண்டது. அப்படியே தார் ரோட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குள் பின் டயர் கொஞ்சம் தேய்ந்திருந்ததால், முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு வண்டி முனகியது. "ரிவர்ஸ்ல போனாத்தான் முறுக்கு உடும்" என்றார் பக்கத்தில் இருந்த பல்லெண்ணி. திருமழிசை ரோட்டில் பின்னாலேயே ஓட்டினேன். டீக்கடையே எழுந்து நின்றது.

"இன்னா மாமே, ஊர மறந்துட்டு வந்துட்டியா?"

பல்லெண்ணி ஜன்னலில் தலையை நீட்டி, "உன் வண்டி முன்னாலயே போவாது, நீ பேசறியா?" என்றார். லிவர் விடுபட்டது. எனக்குத்தான் நெடுநேரம் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

பின் டயர்தான் எப்போதும் உழைக்கும், அதுதான் சீக்கிரம் தேயும். தேயத் தேயக் கணக்கு கெடும். பல்லெண்ணி தினமும் நடந்தே வந்து டேப் வைத்து அளப்பார். "குறைஞ்சிகினே வருது" என்பார். வேறு டயர் தேடினோம். அந்தத் தேய்மானத்தில் ஒரு ஜோடி எங்கும் அகப்படவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் மேகம் கறுத்துக்கொண்டு இறங்கியது. ஏரிக்குள் என் வண்டி ஒன்றுதான் நின்றது. பாரம் குறைய மண்ணைக் கொட்டிவிட்டோம். கீழே சேறு, மேலே கப்பி போட்டு இறுக்கிய கரைப் பாதை; நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஏறும். ஏறாவிட்டால் வண்டி தண்ணீருக்குள். கரையில் சேகர் சைக்கிளோடு காத்திருந்தான்.

பல்லெண்ணி பின் டயரைச் சுற்றி டேப்பை வைத்தார். வானத்தைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டினார்.

"நைனா, ஏறுமா?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறும்பா. ஜோரா ஏறும். போ."

கரையிலிருந்த சேகர் சைக்கிளை நழுவவிட்டான். "நைனாவா பேசறது?"

ஏறினேன். சேற்றைத் தாண்டினேன். கப்பிப் பாதையில் பாதி தூரம். அப்போது முன்னால், பெரிய எலும்பு முறிவது போல ஒரு சத்தம். முன் கிரவுன் பல் போய்விட்டது. வண்டி மெல்லப் பின்னால் வழுக்கி, புறப்பட்ட இடத்துக்கே போய் நின்றது. மழை பிடித்தது.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். பல்லெண்ணி குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார்.

"ஏறாதுன்னு உனக்குத் தெரியாதா நைனா?"

"டேப் வச்ச ஒடனே தெரிஞ்சிது."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"எப்படியும் நீ ஏத்தித்தான் பாக்கணும். வண்டிய அங்கயே உட முடியாது, தண்ணி வந்துகினு கீது. போற ஆளுகிட்ட விளங்காதுன்னு சொல்ல வாய் வர்ல." குடையைக் கை மாற்றிக்கொண்டு, "மத்தவங்கல்லாம் 'ஏறும், ஆவும்'னு எப்படித்தான் தெனம் சொல்றானுங்களோ, தொண்டைய அடைக்குது" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் சேகர் வண்டியை உடைத்தான். நான் வேறொருவர் லாரியில் வேலைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எனக்கு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். சொல்லத் தெரியாமல் சொன்னவர் அவர் ஒருவர்தான்.