வாத்து எந்த அரசின் கீழ் வரும்?

ஒரு நாட்டை ஒரே அரசு ஆண்டால் தவறெல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும் என்று கனடாவில் மூன்று அரசுகள் வைத்திருக்கிறார்கள். ஒட்டாவாவில் ஒன்று, மாகாணத் தலைநகரில் ஒன்று, ஊருக்கு ஊர் ஒன்று. மனிட்டோபாவின் ஹெர்ட்டன் என்ற சிற்றூரில் ரொட்டிக்கடை நடத்திய வெர்னா மூன்றுக்கும் ஒழுங்காக வரி கட்டிவந்தாள். ஆனால் மூன்றையும் ஒருசேரத் தரிசிக்கும் பாக்கியம் மட்டும் ஐம்பத்திரண்டு வயது வரை அவளுக்கு வாய்க்கவில்லை.

அதை ஒரு காட்டு வாத்து வாங்கிக் கொடுத்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அது கடைவாசல் கால்மிதியின்மேல் கூடு கட்டி ஐந்து முட்டையிட்டது. கதவுப்பக்கம் வந்தவர்களையெல்லாம் கொத்தியது. ஈஸ்டருக்கு இன்னும் பத்தே நாள். ஈஸ்டருக்கென்றே சுடும் பாஸ்கா என்ற இனிப்பு ரொட்டிக்கு எண்பது ஆர்டர். அந்த ஒரு வார வியாபாரத்தில்தான் கடை வருஷம் முழுக்க மூச்சுவிடும். பின்வாசல் இல்லாமலில்லை. ஆனால் அது மாவு உள்ளே வருவதற்கான வாசல். ரொட்டி வெளியே போக அதற்கு உரிமம் கிடையாது.

வெர்னா நகராட்சிச் செயலர் பென்னரிடம் ஓடினாள்.

"வாத்தா? பறவையெல்லாம் மத்திய அரசு, மேடம். நம்ம கையில இருக்கறது நாய் மட்டுந்தான்."

"ஒரு துடைப்பத்தால மெல்லத் தள்ளிவிட்டா?"

"தள்ளினா மத்திய அரசுக் குத்தம். துடைப்பத்தோட நடைபாதையில நின்னா நம்ம குத்தம்."

மறுநாள் மத்திய அதிகாரி கிளெர்மோன் வந்தார். நாலடி தூரத்தில் நின்றுகொண்டு தொலைநோக்கியால் வாத்தைப் பார்த்தார். "வலசை போற பறவைதான் எங்களுது. இது குளிர்காலத்துல தெற்கே போச்சா?"

"எங்க போச்சு? ஆலை வெந்நீர் ஓடையிலயே சுகமா கெடந்துச்சு" என்றார் பக்கத்துச் சலூன்காரர் ஹார்வி. யாரும் அவரைக் கேட்கவில்லை.

கிளெர்மோன் ஃபைலை மூடினார். "அப்ப இது நிரந்தரக் குடியிருப்பாளர். மாகாணத்தைப் பாருங்க."

"உன் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா ஹார்வி?" என்று வெர்னா கத்தினாள். அதற்குள் கார் போய்விட்டது.

மாகாண அதிகாரி சிக்ரிட் மிகவும் கனிவானவர். "குடியிருப்பாளர்னா உடம்பும் படிப்பும் எங்க பொறுப்புதான். ஆனா உடம்பு நல்லாத்தானே இருக்கு? முட்டைக்கு இன்னும் பள்ளிக்கூடம் போற வயசு ஆகலை. மேய்ச்சலுக்கு எப்படிப் போகுது?"

"தெருவைத் தாண்டி நடந்துதான்."

"பாதசாரி! நகராட்சி."

இப்படி ஐந்து நாள் போயிற்று. ஆறாம் நாள் 'முத்தரப்பு வாத்து ஒருங்கிணைப்புக் கலந்துரையாடல்' கூடியது. இடம், வெர்னாவின் கடை. அதிகாரிகள் பின்வாசல் வழியாக வந்தார்கள். அவர்கள் ரொட்டி அல்ல என்பதால் உரிமம் தேவைப்படவில்லை. இப்போது எந்தக் கூட்டம் ஆனாலும் உணர்வில் தொடங்குவதுதானே வழக்கம்? ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்து, வாத்தை நினைத்ததும் மனதில் தோன்றும் ஒரு சொல்லை எழுதச் சொன்னார்கள். வெர்னா 'வறுவல்' என்று எழுதினாள். அது 'சூடான வரவேற்பு' என்று குறிப்பில் ஏறியது.

மாலைவரை பேசி, பன்னிரண்டு பாஸ்காவைத் தின்று, அவர்கள் கருத்தொற்றுமைக்கு வந்தார்கள். பறக்கும் வாத்து மத்திய அரசுக்கு. உட்கார்ந்த வாத்து மாகாணத்துக்கு. நடக்கும் வாத்து நகராட்சிக்கு. தூங்கும் வாத்து மேலாய்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது. மூன்று அரசுகளுக்கும் பொதுவாக இருப்பவர் வரி கட்டும் வெர்னா ஒருவரே என்பதும் கண்டறியப்பட்டது. அவளை 'ஒருங்கிணைந்த உள்ளூர் வாத்து அலுவலர்' ஆக நியமித்து, ஒரு ஆரஞ்சு மேற்சட்டையும் ரப்பர் முத்திரையும் வழங்கினார்கள்.

"அப்ப இப்பவே தூக்கி ஓடையில விட்டுடலாமா?"

"பொறுப்புதான் உங்களுது, மேடம்" என்றார் சிக்ரிட். "அதிகாரம் எங்ககிட்டயேதான் இருக்கும்."

ஈஸ்டர் வந்தது, போயிற்று. வாத்து அசையவில்லை. அடுக்கடுக்காகக் காய்ந்துபோன ரொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெர்னா அழுதாள். துக்கம் கொஞ்சம், ஆத்திரம் நிறைய.

மே மாதம் குஞ்சுகள் பொரிந்தன. தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு பத்தடி நடந்து ஹார்வியின் சலூனுக்குள் நுழைந்தது. பாதி முகம் மழித்த ஆள் ஒருவன் தெருவில் அலறிக்கொண்டு ஓடினான்.

"வெர்னா, சீக்கிரம் வா! நீதானே ஆபீசர்? வந்து ஓட்டு!"

வெர்னா மேற்சட்டையை மாட்டிக்கொண்டு நிதானமாக வந்து எட்டிப் பார்த்தாள். "நாற்காலிமேல ஏறி நிக்குதே. நிக்கற வாத்தைப் பத்தி உத்தரவுல ஒண்ணுமே இல்லை, ஹார்வி."

"ஏய், நம்ம ஊர்க்காரிதானே நீ?"

"அதனாலதான் பொறுமையாச் சொல்றேன். எழுதிக் குடு, மூணு பிரதி. குஞ்சுகளுக்குத் தனித்தனி மனு."

ஹார்வி எழுதிக் கொடுத்தார். வெர்னா 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினாள். 'ணங்' என்ற அந்தச் சத்தம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஹெர்ட்டனில் ஒரு மனுவையாவது கையில் வாங்குகிற அதிகாரி இருக்கிறார் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. மறுநாள் காலையில் ரொட்டிக்கடை வாசலில் நீண்ட வரிசை. கொசுவுக்கு ஒருவர், சாக்கடைக்கு ஒருவர், மாமியாருக்கு ஒருவர். ரொட்டி கேட்டு ஒருவரும் வரவில்லை. வெர்னாவும் மாவு பிசையவில்லை. அவளுக்கு நேரம் ஏது?