ஃபெரியும் கப்பல்தான்

உல்லாசக் கப்பல் பினாங்கைவிட்டுக் கிளம்பி அலை கொஞ்சம் பெரிதானதுமே சுகுமாரனுக்கு வயிற்றைப் புரட்டியது. வேலைக்காலம் முழுக்கப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய் வந்தவர். அந்தத் தெம்பில்தான் மாத்திரையெல்லாம் வேண்டாம் என்று மனைவி துளசியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

துளசிக்கு அவர் காட்டிய ஒரே கப்பலும் அந்த ஃபெரிதான். தாய்லாந்தின் பூக்கெட் தீவுக்குப் போகும் கப்பலில் ஒருமுறை ஏற வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "ஃபெரியும் கப்பல்தான்லா" என்று வாயை அடைத்துவிடுவார். போன வருடம் தங்கையைப் பார்க்கத் தைப்பிங் போனவள் வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தாள். பாவம், இவளுக்குத் தைப்பிங்கை விட்டால் வேறு ஊரே இல்லையே என்று அவருக்கு மனசு சுட்டது. ஓய்வுபெற்றதும் முதல் வேலையாக டிக்கெட் எடுத்தார்.

வெறும் வயிறு என்பதால்தான் புரட்டுகிறது என்று நாசி லெமாக்கை ஒரு பிடி பிடித்தார். அது வந்த வழியே திரும்பியது. வயிற்றில் தைலம் தேய்த்து, அதே விரலால் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கடைசியில் துளசி நீட்டிய மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார். விழித்தபோது கப்பல் பூக்கெட்டுக்கு வந்து, நின்று, கிளம்பியும்விட்டது. துளசி பக்கத்தில் உட்கார்ந்து குமட்டலுக்கு வாங்கிய அசாம்போய் உப்புப்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"நீயாச்சும் எறங்கிப் பாத்துட்டு வந்திருக்கலாமே?"

"நீங்க இல்லாம எனக்கு எதுக்குங்க பூக்கெட்?"

வந்ததிலிருந்து சுடுதண்ணீர் எங்கே, மருந்து எங்கே என்று யாரையும் கேட்காமல் கப்பல் முழுக்க ஓடி அவரைக் கவனித்துக்கொண்டவள். இத்தனை கெட்டிக்காரியை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிட்டோமே என்று தன்னை நொந்துகொண்டார். கேட்ட வயதிலேயே கூட்டி வந்திருக்கலாம். போன காலம் போனதுதான்.

பினாங்கில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிரு துளசி. அடுத்த வருஷம் பூக்கெட்ட ஒன் கண்ணுல காட்டாம விடமாட்டேன்."

துளசி தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் பயணிகளை வழியனுப்பிக்கொண்டிருந்த ஊழியர் ரோஹானா அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து மலாயில் கேட்டாள்:

"அக்கா, இந்தத் தடவ தங்கச்சி வரலையா? போன வருஷம் பூக்கெட்ல ரெண்டு பேரும் கப்பலையே காக்க வச்சீங்களே."